பூட்டிய பங்களாவும் கூரைமேல் காலடியும்: தில்லி வாசகர் கேள்வி – பதில்

தில்லி அரசு பங்களாக்கள், குவார்ட்டர்ஸ்கள் பற்றி உலவும் பேய்க்கதைகளையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பழைய கட்டடப் பராமரிப்பும் தில்லி வரலாறும் அறிந்தவர்கள் சேர்ந்து எழுதியது.

கேள்வி: ஷாம்நாத் மார்க் 33-ஆம் எண் பங்களாவில் குடியேறும் முதலமைச்சர்களுக்குப் பதவி நிலைக்காது என்கிறார்கள். மெட்ரோ சிவில் லைன்ஸைத் தாண்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதை ஆரம்பித்துவிடுகிறார். இதில் உண்மை எவ்வளவு?
– கே.வி., கரோல் பாக்

பதில்: யார் யார் எப்போது இருந்தார்கள் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதிக் கதை அங்கேயே உதிர்ந்துவிடும்.

1911 டிசம்பர் தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். 1931-ல் புது தில்லி திறக்கப்படும்வரை அரசாங்கம் நடந்தது சிவில் லைன்ஸ் பக்கம்தான். அங்கே இத்தனை பெரிய பங்களாக்கள் இருப்பது அதனால்தான். 33-ஆம் எண்ணும் 1920-களின் வீடு.

தில்லியின் முதல் முதலமைச்சர் சௌத்ரி பிரம்ம பிரகாஷ் 1952-ல் பதவியேற்று அங்கே இருந்தார். 1955-ல் பதவி போயிற்று. 1993-ல் முதல்வரான மதன்லால் குரானா அந்த வீட்டைப் பயன்படுத்தினார். ஹவாலா வழக்கில் பெயர் அடிபட்டு 1996 பிப்ரவரியில் விலகினார். பின்னால் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை. அடுத்து வந்த சாஹிப் சிங் வர்மா அங்கே போகவில்லை, ஷீலா தீட்சித்தும் போகவில்லை. அங்கே குடியிருந்த அமைச்சர் தீப் சந்த் பந்து 2003-ல் நோய்வாய்ப்பட்டு இறந்தார். அத்தோடு 'ராசியில்லாத வீடு' என்று முத்திரை விழுந்துவிட்டது.

விட்டுப்போனதையும் சேர்த்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1 முதல் 1993 வரை தில்லிக்கு முதலமைச்சர் பதவியே கிடையாது. ஆக, 'குடியேறிய முதல்வர்கள் எல்லாரும்' என்றால் நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டே பேர். அங்கே குடிபோகாத சாஹிப் சிங் வர்மாவும் 1998 அக்டோபரில், வெங்காய விலை எகிறிக் கிடந்த நேரத்தில், இறங்க வேண்டி வந்தது. அவருக்குப் பின் சுஷ்மா ஸ்வராஜ் இருந்தது 52 நாள். ஒரே சட்டசபைக் காலத்தில் மூன்று முதல்வர்கள் என்றால் காரணத்தைக் கட்சி ஆபீஸில் தேட வேண்டும். ஷீலா தீட்சித் வேறு வீடுகளில் இருந்துகொண்டு 15 ஆண்டுகள் ஆண்டதுதான் கதையை ஆணியடித்து உறுதியாக்கிவிட்டது. 2013-ல் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சக்தி சின்ஹா குடியேறினார். 2015-ல் தில்லி அரசின் ஆலோசனைக் குழுவான டயலாக் கமிஷன் அங்கே அலுவலகம் போட்டது. ஃபைல்கள் நகர்ந்தன, டீ வந்தது, போனது.

எங்களுக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை, 1964-ல் நேரு இறந்த தீன் மூர்த்தி மாளிகை, 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுடப்பட்ட சப்தர்ஜங் சாலை 1-ஆம் எண் வீடு: மூன்றும் நிஜமாகவே சாவு நடந்த வீடுகள். மூன்றையும் நினைவிடமாக்கிவிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் வரிசை கட்டிப் போய்வருகிறார்கள். ஆவிக்கதை அங்கெல்லாம் பெரிதாக ஒட்டவில்லை. ஒட்டியது பூட்டிக் கிடந்த வீட்டுக்கு. ஆளில்லாத பங்களாவில் ஒரே மழைக்காலத்தில் தோட்டம் புதராகிவிடும். வெண்டிலேட்டர் கண்ணாடி உடையும், புறா நுழையும், அதன் பின்னாலேயே பூனை நுழையும். கேட்டில் ஒற்றைக் காவலாளி. கதைக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: 33 என்ற எண்தான் கெட்டதோ?
– ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: கூட்டினால் 6. எண்கணிதக்காரர்கள் கணக்குப்படி ஆறு சுக்கிரனுக்கு உரியது. வீடு, வாகனம், வசதி எல்லாம் தரும் எண் என்பார்கள். அவர்கள் சாஸ்திரமே அந்த வீட்டுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: வெளிநாடுகளிலும் தலைவர்களின் வீட்டில் பேய் என்று பேச்சு உண்டாமே? ஜப்பான் பிரதமர் ஒருவர் பயந்து குடியேறவே இல்லை என்று மகன் சொல்கிறான்.
– எஸ்.ஆர்., ஜனக்புரி

பதில்: பயந்ததாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் வீட்டின் வரலாறு பயங்கரம்தான். டோக்கியோவில் இன்று பிரதமர் குடியிருக்கும் வீடு, 1929-ல் பிரதமர் அலுவலகமாகக் கட்டப்பட்டது. 1932 மே 15 அன்று இளம் கடற்படை அதிகாரிகள் உள்ளே புகுந்து பிரதமர் இனுகாய் ட்சுயோஷியைச் சுட்டுக் கொன்றார்கள். 1936 பிப்ரவரி 26 ராணுவக் கலகத்தில் பிரதமர் ஒகாடா கெய்சுகே வீட்டுக்குள்ளேயே ஒளிந்து தப்பினார். அவரென்று நினைத்து அவருடைய மைத்துனரைச் சுட்டுவிட்டார்கள். ராணுவ உடுப்பில் உருவம் தெரிகிறது என்ற பேச்சு அதிலிருந்து வந்தது.

புது அலுவலகம் வந்தபின் பழைய கட்டடத்தை அப்படியே நகர்த்தி, புதுப்பித்து, 2005-ல் குடியிருப்பாக்கினார்கள். 2006 முதல் 2012 வரை ஆறு பிரதமர்கள், ஆளுக்குச் சுமார் ஒரு வருஷம். 2012-ல் மறுபடி வந்த ஷின்சோ அபே தன் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு ஏறத்தாழ எட்டு வருஷம் ஓட்டினார். ஷாம்நாத் மார்க் கதையின் அச்சு அசல்! 2013-ல் இது நாடாளுமன்றக் கேள்வியாகவே வந்து, அப்படி எதுவும் தெரியாது என்று அமைச்சரவை எழுத்தில் பதில் தந்தது. 2021 டிசம்பரில் குடியேறிய ஃபுமியோ கிஷிதா எந்த ஆவியையும் பார்க்கவில்லை என்றார். மொத்தம் சுமார் மூன்று வருஷம் பதவியில் இருந்தார்.

இதைவிட உபயோகமான கதை வெள்ளை மாளிகையில் இருக்கிறது. 1945-ல் அதிபர் ட்ரூமன், ராத்திரியில் தாழ்வாரத்தில் ஆவிகள் நடமாடும் சத்தம் கேட்கிறது என்று மனைவிக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார். 1948-ல் அவர் மகளின் பியானோ கால் மரத்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியது. பொறியாளர்கள் வந்து பார்த்தால், குழாயும் வயரும் கொண்டுபோக ஆண்டாண்டாக உத்தரங்களை வெட்டி வெட்டி மெலிய வைத்திருக்கிறார்கள். 1927-ல் மேலே புது மாடியின் பாரம் வேறு ஏறியிருக்கிறது. குடும்பத்தை எதிரே ப்ளேர் ஹவுஸுக்கு மாற்றி, வெளிச்சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுக்க இடித்து எஃகுச் சட்டம் போட்டார்கள். ட்ரூமன் திரும்பிவந்தது 1952 மார்ச்சில். அவர் கேட்ட நடமாட்டத்தில் பாதியாவது அந்த உத்தரங்களின் முனகலாக இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: லோதி எஸ்டேட் பக்கம் பழைய அரசு வீடு கிடைத்திருக்கிறது. விளக்கு வைத்த பிறகு கூரையில் 'டக்... டக்' என்று சத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாரோ நடக்கிறார்கள். சில நாள் குழந்தை அழுகிற மாதிரி, சில நாள் குறட்டை மாதிரி. முன்பு இருந்தவர் வீட்டில் ஏதோ நடந்தது என்று வேலைக்கு வரும் பெண் சொல்கிறாள். மாமியார் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், புது தில்லி

பதில்: எலுமிச்சம்பழம் இருக்கட்டும் அம்மா, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் சத்தங்களுக்கு ஆள் வேறு வேறு. முதலில் ஒரு நோட்டில் பத்து நாள் குறித்து வையுங்கள்: மணி, எந்த அறை, எவ்வளவு நேரம், அன்று வெயிலா மழையா. இதைச் செய்யாமல் யாரைக் கூப்பிட்டாலும், வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

விளக்கு வைத்த பிறகு வரும் 'டக்': அந்தக் காலத்து வீடுகளில் பல கூரைகள் இரும்பு கர்டர் மேல் கல் பலகையோ செங்கல் வளைவோ வைத்து, மேலே மண்ணும் சுண்ணாம்பும் போட்டவை. 5 மீட்டர் கர்டர் 15 டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் சுருங்கும். சுவருக்குள் பிடித்துக்கொண்டிருப்பதால் சீராகச் சுருங்க முடியாமல், இழுத்து இழுத்து விடும். அந்த விடுதல்தான் சத்தம். பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் அதிகம் வேறுபடும் மார்ச்–ஏப்ரல், அக்டோபர்–நவம்பரில் கூடுதலாகக் கேட்கும். மேகம் மூடிய நாளில் குறையும். உங்கள் நோட்டு இதோடு ஒத்துப்போனால் கவலை இல்லை. சத்தத்தோடு சுண்ணாம்புத் தூள் கொட்டினாலோ, கர்டர் ஓரம் துருச் செதில் பெயர்ந்தாலோ, புது விரிசல் நீண்டாலோ அந்த அறையில் படுக்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு பருத்துப் பூச்சைத் தள்ளுகிறது என்று பொருள். சி.பி.டபிள்யூ.டி.யின் (மத்தியப் பொதுப்பணித் துறை) புகார் அலுவலகமான என்கொயரியில் எழுத்தில் புகார் கொடுத்து ஜூனியர் இன்ஜினியரை வரவழையுங்கள்.

இரண்டு மணி நடமாட்டம்: அனேகமாக மரநாய். மத்திய தில்லிச் சாலைகளில் நிழலுக்கு வைத்த நாவல் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பழத்துக்கு வரும் மரநாய்க்குப் பக்கத்திலேயே ஃபால்ஸ் சீலிங் என்ற சொகுசு அறையும் நாம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பூனையைவிட நீளமான உடம்பு, கனமான நடை. கீழே படுத்திருப்பவருக்கு மனிதக் காலடி மாதிரியே கேட்கும். உறுதிசெய்ய உங்கள் வீட்டுக் கோலமாவே போதும். கல்மாவாக இருக்க வேண்டும், அரிசி மாவு என்றால் எறும்பு மொய்க்கும். சீலிங் திறப்புக்குப் பக்கத்திலும் மொட்டைமாடிக் குழாய் ஓரத்திலும் பழைய செய்தித்தாளை விரித்து, தாள் லேசாகத் தெரியும் அளவுக்குச் சல்லடையால் தூவுங்கள். காலையில் தடம் பாருங்கள். நான்கு விரல், நகம் பதியவில்லை என்றால் பூனை. ஐந்து விரல் என்றால் மரநாய். பொடித் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு இருந்தால் எலி. குட்டிக் கை மாதிரி இருந்தால் குரங்கு. பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

உடனே ஓட்டையை அடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. உள்ளே குட்டி இருந்தால் அது அங்கேயே செத்து, இரண்டு மாதம் நாற்றம் அடிக்கும். அப்புறம் வருகிற ஈக்களுக்கும் ஒரு புதுக் கதை கிளம்பும். விஷம், பொறி இரண்டும் கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குட்டிச் சத்தம் கேட்டால் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். போன்ற மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் நுழையும் ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். தொடர்ந்து மூன்று ராத்திரி தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அதன்பின் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பிவலை வைத்து அடையுங்கள், கோழிவலையைப் பிய்த்துவிடும். கூரையைத் தொடும் கிளைகளை ஆறேழு அடி விலகும்படி தோட்டக்கலைப் பிரிவைக் கொண்டு கழிக்கச் சொல்லுங்கள். நீங்களாக வெட்டினால் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வம்பு.

அழுகைக்குப் பெரும்பாலும் இணை தேடும் பூனை, மழைக்காலமானால் மயில். குறட்டை மட்டும் அபூர்வம்: கூகை என்ற ஆந்தையின் குஞ்சுகள் பசியில் எழுப்பும் ஒலி, தூங்கும் மனிதரின் குறட்டைபோலவே இருக்கும். வெண்டிலேட்டருக்குக் கீழே கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கிறதா பாருங்கள். உடைத்தால் உள்ளே எலி எலும்பு இருக்கும். குஞ்சு பறந்து போகும்வரை விட்டுவைப்பது நல்லது, உங்கள் வீட்டு எலியை அதுதான் தின்கிறது.

கேள்வி: விடியற்காலை நான்கு மணிக்கு, தாழ்ப்பாள் போட்ட பாத்ரூமில் குழாய் தானாகத் திறந்து ஓடுகிறது. அணைத்த பல்பு இருட்டில் மங்கலாக எரிகிறது. ஹாலில் யாரும் இல்லாமல் கதவு சாத்திக்கொள்கிறது.
– ஜி.எம்., ஆர்.கே.புரம்

பதில்: சப்ளை இல்லாத நேரத்தில் யாரோ குழாயைத் திருகிப் பார்த்து, தண்ணீர் வரவில்லை என்று மூடாமல் வந்திருக்கிறார்கள். விடியற்காலை தண்ணீர் விட்டதும் வெறும் குழாயில் இருந்த காற்று முதலில் ஊளையிட்டு வெளியேறும், பிறகு தண்ணீர் கொட்டும். படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் ஒருமுறை மூடிப் பாருங்கள்.

அணைத்த பல்பு: பழைய வயரிங்கில் சுவிட்சை மின்சாரம் வரும் பேஸ் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருந்தால் எல்.இ.டி. பல்பு இப்படி மினுக்கும். பல்பை மாற்றக் கை வைக்கும்போது ஹோல்டரில் மின்சாரம் இருக்கும் என்பதால் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்து, சுவிட்சை அணைத்த நிலையில் ஹோல்டரைச் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் லேசாக எரியும், அதில் ஆபத்தில்லை. ஒரு அறையில் விளக்கு திடீரென்று பளீரென்றும் இன்னொன்றில் மங்கியும் போனால் மட்டும் உடனே மெயினை அணையுங்கள். நியூட்ரல் கழன்றிருக்கிறது; ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் கருகிவிடும்.

கதவைச் சாத்துவது காற்றின் இழுப்பு. அதைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுக் கதவிடுக்கில் காட்டுங்கள், புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: பங்களாவின் பின்பக்கம் சர்வென்ட் குவார்ட்டரில் தங்கியிருக்கிறோம். ஜனவரியிலிருந்து ராத்திரி ஏதோ நெஞ்சில் ஏறி அமுக்குகிறது. மனைவிக்கும் கெட்ட கனவு, காலையில் இருவருக்குமே தலைவலி. அந்த அறையில் முன்பு ஒருவர் தூக்கத்திலேயே இறந்துவிட்டாராம்.
– ஒரு வாசகர், புது தில்லி

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் தனியாகப் பதில் போட்டுவிட்டோம். அறைக்குள் அங்கீதி (கரி கணப்பு) வைத்துக்கொண்டு படுக்கிறீர்களா? ஆம் என்றால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புகை நின்று தணல் சிவந்துவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் தில்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் உயிரை எடுக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுவது: இது அதன் அடையாளம். 1921-லேயே வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு 'பேய் வீட்டை'ப் பற்றி எழுதியிருக்கிறார். காலடிச் சத்தம், உருவங்கள், மார்பில் பாரம் எல்லாம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. காரணம் பழுதான உலையிலிருந்து கசிந்த வாயு. மயக்கம் வந்தால் கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு 112-ஐ அழையுங்கள். அரை ஜன்னல் திறந்து வைப்பதை நம்பாதீர்கள். குளிருக்கு ஆயில் ஹீட்டரோ இன்னொரு ரஜாயோ (பஞ்சுப் போர்வை) போதும்.

அங்கீதியும் இல்லை, கேஸ் கீசரும் இல்லை, உங்களுக்கு மட்டும்தான் அமுக்குகிறது என்றால் அது ஊரில் நாம் அமுக்குவான் என்று சொல்வதுதான். கனவு வரும் உறக்கத்தில் உடம்பு அசையாமல் கட்டுண்டிருக்கும்; அது கழலுமுன் மூளை விழித்துக்கொள்கிறது. சில விநாடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம். மல்லாந்து படுப்பவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும் அதிகம். ஒருக்களித்துப் படுங்கள், வந்துவிட்டால் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்க முயலுங்கள். வாரம் தவறாமல் வந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ஃபிரோஸ் ஷா கோட்லாவில் ஜின் என்ற ஆவிக்குக் கடிதம் எழுதி வைக்கிறார்களாமே, நாமும் போகலாமா?
– பி.எல்., லக்ஷ்மி நகர்

பதில்: தாராளமாக. அதுவும் ஒரு அரசு மாளிகைதான், 1354-ல் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய கோட்டை அரண்மனை. வியாழக்கிழமை கூட்டம் அதிகம். மனுவை ஜெராக்ஸ் எடுத்து மாடம் மாடமாக வைக்கிறவர்களைப் பார்க்கலாம். சர்க்கார் ஆபீஸுக்கு நகல் அனுப்புகிற அதே ஒழுங்கு. பெரிய ஜின்னான லாட்வாலே பாபா, அசோகர் தூணில் இருப்பதாக நம்பிக்கை. நிலவறைகளில் வௌவால் உண்டு, டார்ச்சை மேலே அடிக்காதீர்கள். பிரார்த்தனை செய்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: அலாட் ஆன வீடு 'பேய் வீடு' என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?
– டி.என்., கிட்வாய் நகர்

பதில்: ஆவியைக் காரணமாகக் காட்ட விதியில் இடமில்லை. காரணமின்றி மறுத்தால் சில காலம் வேறு வீடு கேட்க முடியாமல் போகும். அலாட்மென்ட் கடிதத்தின் பின்பக்க நிபந்தனைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வசிக்கத் தகுதியில்லாத நிலையில் இருந்தால் அதை ஆவணமாக்குவதுதான் வழி: வீட்டை ஏற்றுக்கொண்டதாகத் தரும் ஆக்குபேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒழுகல், விரிசல், உடைந்த வெண்டிலேட்டர், திறந்து கிடக்கும் வயர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து என்கொயரியில் புகார் எண் வாங்குங்கள். பெயின்ட் அடிக்குமுன் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடித்துவிட்டால் ஒழுகல் கறை மறைந்துவிடும், அடுத்த ஜூலையில்தான் தெரியும்.